பொய்ப் பருவம்

நான் வேலை செய்தது பன்றிப் பண்ணையில். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த தம்பி, "அன்ரி, 'விவசாயப் பண்ணை' எண்டு போடுவம். வாசிக்கிற ஆக்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்" என்றார். நல்ல பிள்ளை, கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனால் இருபது வருடத்துக்கு மேலாக நான் தீனி போட்டதும் கழுவியதும் முதுகில் கை வைத்துப் பார்த்ததும் பன்றிகளுக்குத்தான். வாசிக்கிறவர்களுக்கு ஒரு மாதிரி இருந்தால் இருக்கட்டும்.

கூட்டத்தில் எழுந்து கதைக்க எனக்கு வராது. நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே சொல்ல வந்தது மறந்துவிடும். எழுதும்போது ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. என்னைக் "காட்டிக்குடுத்தவள்" என்று சொல்லித் திரிகிறவர்களும் இந்த மலரை வாங்குவார்கள் என்பது தெரியும். அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

இலங்கையில் ஓ.எல். பரீட்சை வரைக்கும் படித்துவிட்டு, கலியாணம் செய்து டென்மார்க் வந்தேன். சில்க்போர்க்கில் டேனிஷ் வகுப்பு, பிறகு ஒரு பாடசாலையில் துப்புரவு வேலை, அதற்குப் பிறகு கார் ஓட்டப் பழகியது. பிராண்டேயில் என் கணவருக்குக் காற்றாலைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால் அங்கே குடிபோனோம். ஊருக்கு வெளியே இருந்த பண்ணை ஒன்றுக்குச் சில வாரம் பழக என்று வேலை தேடித் தரும் கந்தோரில் இருந்து அனுப்பினார்கள். போனவள் தோள்மூட்டு தேய்ந்து ஓய்வு எடுக்கும் வரைக்கும் அங்கேயே இருந்துவிட்டேன்.

பண்ணைக்குள் போவதற்கு முன்பும் குளிக்க வேண்டும், வெளியே வருவதற்கு முன்பும் குளிக்க வேண்டும். வெளி உடுப்பு உள்ளே வராது, உள் உடுப்பு வெளியே போகாது. அப்படியிருந்தும் கோயிலில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்ததைக் கண்டிருக்கிறேன். அவர்களில் பாதிப் பேரை விட நான் அன்றைக்குக் கூடுதலாகக் குளித்திருப்பேன்.

என் பகுதி, இன்னும் குட்டி போடாத இளம் பெண்பன்றிகள். டேனிஷில் "போல்ட்" என்பார்கள். நாளைக்கு அவைதான் தாய்ப் பன்றிகள். அதனால் பண்ணையின் மற்றப் பகுதிகளில் செய்வது போல அவசரமாக ஒன்றையும் செய்ய முடியாது.

அந்தப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் கிர்ஸ்டன். என்னை விடச் சில வயது மூத்தவர், உயரமான மனுஷி. காலையில் பட்டி வாசலில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். உள்ளே போகமாட்டார், ஒன்றையும் தொடமாட்டார். பன்றிகள் முதலில் அவரைக் கண்டு கத்தும், பிறகு அவரை மறந்து தங்கள் பாட்டைப் பார்க்கும். அதற்குப் பிறகுதான் அவர் பார்க்கத் தொடங்குவார். பக்கத்தில் நிற்கிற என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"என்ன பார்க்கிறாய்?"

"மூலையில் இருப்பதற்குக் காய்ச்சல்."

"அது நீ நினைப்பது. என்ன பார்க்கிறாய்?"

"காது தொங்குகிறது. தனியாகப் படுத்திருக்கிறது. தொட்டிக்கு வரவில்லை."

"இப்போது சரி."

முதல் வருடம் இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு அழுகை வரும். பிறகு அது எனக்கு வசதியாகப் போய்விட்டது. என்ன நினைக்கிறாய் என்று கேட்டால் என்னைப் போன்றவளுக்குப் பயம். என்ன பார்க்கிறாய் என்று கேட்டால் பயப்பட ஒன்றும் இல்லை, கண் இருந்தால் போதும்.

ஒரு போல்ட் பருவத்துக்கு வந்துவிட்டதா என்று அறியக் ஆண் கிடாப்பன்றியை நடைபாதை வழியாக மெதுவாகக் கூட்டிவர வேண்டும். எங்கள் கிடாய்க்கு "மாப்பிள்ளை" என்று பெயர். மாப்பிள்ளை வாயில் நுரையோடு வந்து கம்பிக்கு அப்பால் நிற்கும்போது, இந்தப் பக்கம் நாங்கள் போல்டின் விலாவைத் தடவி, இடுப்பை முழங்காலால் தட்டி, கடைசியில் முதுகில் இரண்டு கையாலும் பாரம் கொடுத்து அழுத்துவோம். பருவத்துக்கு வராதது கத்திக்கொண்டு ஓடும். வந்தது, காதை விறைத்துக்கொண்டு தூண் மாதிரி நிற்கும். அதற்கு மேல் ஏறி இருந்தாலும் அசையாது. பின்பக்கம் சிவந்திருப்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது, நிற்பதுதான் சாட்சி என்பார் கிர்ஸ்டன்.

மாப்பிள்ளைக்குப் பெயர் வைத்தவர் எங்களோடு வேலை செய்த யாழ்ப்பாணத்துக்காரர். அவரைச் சிவம் அண்ணை என்று இங்கே எழுதுகிறேன். அது அவருடைய பெயர் இல்லை. தீனி அரைக்கிறது, கலக்கிறது, தானியம் சேர்த்துவைக்கும் சைலோவைத் துப்புரவாக்கிறது அவருடைய வேலை. பகிடிக்காரர். எனக்குத் தோள் நோவு தொடங்கிய காலத்தில் கனமான வாளிகளைக் கேட்காமலே தூக்கித் தந்தவர். அதையும் எழுதத்தான் வேண்டும்.

அந்த வருடம் அறுவடை மழையில் நனைந்தது. மாரி தொடங்கியபின் ஒரு காலை, தீனி அறைக்குப் பக்கத்துப் பட்டியில் இருந்த இளம் போல்டுகளில் ஐந்தாறுக்குப் பின்பக்கம் சிவந்து வீங்கியிருந்ததைக் கண்டேன். முலைகளும் தடித்திருந்தன. பருவத்துக்கு வர அவைகளுக்கு இன்னும் காலம் இருந்தது.

சிவம் அண்ணை தீனி வண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"உங்கை பார் பிள்ளை, எல்லாரும் ஒரே நாளிலை சாமத்தியப்பட்டிட்டினம். ஹோல் புக் பண்ணுவமே?"

"உதுகளுக்கு இன்னும் காலம் வரேல்லை அண்ணை."

"டென்மார்க்கிலை பிறந்த பிள்ளையள். கெதியா வளருங்கள்."

"அப்ப ஆர் ஆலாத்தி எடுக்கிறது?"

"மாப்பிள்ளையின்ரை தாயைத்தான் கூப்பிடவேணும்."

பெண்பிள்ளை பெரியவளானால் எங்கள் ஆட்கள் மண்டபம் எடுத்து, ஆலாத்தி சுற்றிச் சாமத்திய வீடு செய்வார்கள். நானும் சிரித்தேன். கிர்ஸ்டன் வந்தார், வாசலில் நின்றார், வழக்கமான கேள்வியைக் கேட்டார். கண்டதைச் சொன்னேன். "கிடாயைக் கொண்டுவா" என்றார். மாப்பிள்ளை வந்தது. நாங்கள் முதுகில் கை வைத்ததும் எல்லாம் கத்திக்கொண்டு ஓடின. ஒன்றுகூட நிற்கவில்லை. கிர்ஸ்டனின் முகம் மாறியது.

சில நாட்களில் ஒன்று முக்கி முக்கியே கருவாசலை வெளியே தள்ளிவிட்டது. அதைக் காப்பாற்ற முடியவில்லை. மிருக வைத்தியர் அதைக் கொன்று, பின்புறக் கொட்டிலில் இரும்பு மேசையில் போட்டுத் திறந்தார். கிர்ஸ்டன் என்னையும் வரச்சொன்னார். அந்த வயதுப் போல்டின் கருப்பை மெல்லிய கயிறு போல இருக்க வேண்டும். அன்று கண்டது விரல் பருமனாக, நீர் கோத்து, பளபளவென்று இருந்தது. சூலகங்களைத் தேடி எடுத்து வைத்தியர் தன் கையுறை மேல் வைத்தார். சின்னஞ்சிறிதாக இருந்தன. முதிர்ந்த முட்டை ஒன்றும் இல்லை.

"வீடு கட்டியாகிவிட்டது, ஆனால் குடியிருக்க ஆள் இல்லை" என்றார் வைத்தியர். பிறகு எனக்காக மெதுவாக விளக்கினார். வழக்கமாகச் சூலகம் முதிர்ந்து தன் ஓமோன் சுரப்பை அனுப்பும், அதற்குப் பிறகே கருப்பை வளரும். இங்கே சூலகம் தூங்குகிறது. வேறு எங்கிருந்தோ ஓமோன் போல ஒன்று வந்திருக்கிறது. உள்ளே இருந்து வந்ததா வெளியே இருந்து வந்ததா என்று கருப்பைக்குத் தெரியாது, வந்ததை நம்பி வளர்ந்துவிடும். பூஞ்சணம் பிடித்த தானியத்தில் அப்படி ஒரு நஞ்சு உண்டாகும். அது பெண் ஓமோனைப் போலவே நடிக்கும். இளசுகளைத்தான் கூடுதலாகப் பிடிக்கும். அந்தத் தீனியை நிறுத்தினால் பெரும்பாலானவை தேறிவிடும், ஆனால் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் நிறுத்தலாம் என்றார்.

சைலோவிலிருந்து மாதிரி எடுத்து அனுப்பினார்கள். சுத்தம் என்று பதில் வந்தது.

அதற்குப் பிறகு பண்ணை முதலாளியின் கண் என் பக்கம் திரும்பியது. தாய்ப் பன்றிகளுக்குப் போடும் ஓமோன் மருந்துகள் பூட்டிய ஒரு அலுமாரியில் இருந்தன. திறப்பு என்னிடமும் கிர்ஸ்டனிடமும்தான். நான் போத்தலை மாற்றி இளம் பட்டிக்குக் கொடுத்திருப்பேன், டேனிஷ் வாசிப்பதில் பிழை விட்டிருப்பேன் என்று அவர் நினைத்தார். கிர்ஸ்டன், "அந்த ஊசி போட்டிருந்தால் சூலகம் விழித்திருக்கும்" என்றார்.

"அப்படியானால் என்ன காரணம்?"

"தெரியாது" என்றார் கிர்ஸ்டன். தெரியாததைத் தெரியும் என்று சொல்கிற ஆள் இல்லை அவர்.

திங்கட்கிழமை எல்லோரும் கூடிக் கதைப்போம் என்றார் முதலாளி. அதற்குள் காரணம் தெரியாவிட்டால் அந்தப் பட்டி முழுவதும் இறைச்சிக்குப் போகும். மருந்து மாறியது என்று தெரிந்தால் நானும் போகவேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கார் தரிப்பிடத்துக்கு வந்தபோது சிவம் அண்ணை என் காருக்குப் பக்கத்தில் நின்றார். பகிடி ஒன்றும் இல்லை. சைலோவைத் துப்புரவாக்கும்போது சுவரில் கட்டிபட்டிருந்த தானியத்தை எருக்குவியலில் கொட்டச் சொன்னார்களாம். அவர் கொட்டவில்லை. பீப்பாய்களில் அள்ளி, கொதிகலன் அறையில் காயவைத்து, உடைத்து, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்துப் பட்டிக்குப் போட்டிருக்கிறார்.

"வளருற பிள்ளையள், திண்டிட்டுப் போகட்டும் எண்டு நினைச்சன். காய்ஞ்சாப் பிறகு மணக்கவும் இல்லை."

"இன்னும் கிடக்கோ அண்ணை?"

"ஒரு பீப்பாய். நீ ஒண்டும் சொல்லிப்போடாதை பிள்ளை. நான் கொண்டுபோய்க் கொட்டிவிடுறன்."

"கொட்டாதேங்கோ. அதைக் கொண்டுபோய்க் காட்டுங்கோ. இப்பவே போய்க் கிர்ஸ்டனிட்டைச் சொல்லுங்கோ."

அவர் தன் காரில் ஏறிப் போனார்.

சனிக்கிழமை பின்னேரம் என் கணவர் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து எதிரே இருந்தார். அவர் அப்படி இருந்தால் ஏதோ கேட்கப் போகிறார் என்று அர்த்தம்.

"சிவமண்ணையின்ரை மனிசி போன் எடுத்தவ. அழுகிறா."

"என்னவாம்?"

"அந்த வயசிலை அவருக்கு இனி ஆர் வேலை குடுக்கப்போயினம்? உமக்கெண்டால் நான் உழைக்கிறன்தானே. மருந்து மாறிப்போச்சு எண்டு சொல்லிவிடுமன். டேனிஷ் வடிவா விளங்கேல்லை எண்டால் நம்புவாங்கள்."

"எனக்கு விளங்கும்."

"விளங்கும்தான். சும்மா சொல்லுறதுதானே."

"உங்கடை வேலை வேலை, என்ரை வேலை பொழுதுபோக்கோ?"

"ஏன் கத்திறீர்? பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்."

அந்த வீட்டில் நான் முதன்முதலாகக் கத்தியது அன்றைக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை ரண்டர்ஸில் இருந்து இரண்டு பேர் தொலைபேசி எடுத்தார்கள், சிவம் அண்ணையின் உறவுக்காரர். இருவரும் மரியாதையாகவே கதைத்தார்கள். தமிழனைத் தமிழன் காட்டிக்குடுக்கக் கூடாது என்றார்கள். என் வேலை போவதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பன்றிகளைப் பற்றியும் ஒருவரும் கேட்கவில்லை. நான் பேசாமல் இருந்தால் ஒரு பட்டி முழுவதும் காரணமில்லாமல் லொறியில் ஏறும், நான் மருந்து வாசிக்கத் தெரியாதவள் என்ற பெயரோடு வீட்டுக்குப் போவேன். அதற்குப் பெயர் ஒற்றுமை என்றால் அந்த ஒற்றுமையில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன். தொலைபேசியில் "ம்" என்று மட்டும் சொன்னேன்.

திங்கட்கிழமை சாப்பாட்டு அறையில் இருந்தோம். முதலாளி, கிர்ஸ்டன், சிவம் அண்ணை, பிரசவப் பகுதியில் வேலை செய்த ருமேனியக்காரர் ஒருவர், நான். மேசையில் கோப்பி. முதலாளி ஒவ்வொருவராகப் பார்த்து, யாருக்காவது ஏதாவது தெரியுமா என்று கேட்டார். நான் சிவம் அண்ணையைப் பார்த்தேன். அவர் கோப்பையைப் பார்த்தார். அவருக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். சத்தியமாகக் காத்திருந்தேன். முதலாளி என் பக்கம் திரும்பி, "மருந்து அலுமாரி?" என்றார்.

அப்போது கிர்ஸ்டன் மெல்ல, "நீ என்ன பார்த்தாய்?" என்றார்.

"மருந்து மாறவில்லை" என்றேன். "சைலோச் சுவரில் ஒட்டியிருந்த தானியத்தைச் சிவம் பீப்பாய்களில் எடுத்துவைத்து அந்தப் பட்டிக்குப் போட்டிருக்கிறார். அவரே எனக்குச் சொன்னார். ஒரு பீப்பாய் கொதிகலன் அறையில் இருக்கிறது."

சிவம் அண்ணை தலையை நிமிர்த்தித் தமிழில் சொன்னார்: "காட்டிக்குடுத்திட்டாய், என்ன?"

"என்ன சொல்கிறார்?" என்றார் கிர்ஸ்டன்.

சிவம் அண்ணையின் டேனிஷ் குறைவு. எப்போதும் நான்தான் மொழிபெயர்ப்பேன். அன்றைக்கும் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். அந்தச் சொல்லுக்கு டேனிஷில் எனக்குத் தெரிந்தது பள்ளிப் பிள்ளைகள் பாவிக்கிற சொல் ஒன்றுதான். ரீச்சரிடம் கோள் சொல்வதற்குப் பாவிப்பார்கள். சண்டைக் காலத்தில் எங்கள் ஊரில் அந்தச் சொல் ஒட்டிய ஆட்களுக்கு என்னென்ன நடந்தது என்று அந்த மேசையில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். நான் கோள் சொல்லிவிட்டேன் என்கிறார் என்று மொழிபெயர்த்தேன். ருமேனியக்காரர் சிரித்துவிட்டார். சிவம் அண்ணைக்கு அது விளங்கி முகம் கறுத்தது.

"ஏன் கொட்டவில்லை என்று அவரிடம் கேள்" என்றார் கிர்ஸ்டன்.

கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக் கதைத்தார். "பாண் வாங்க வரிசையிலை நிண்டு வளர்ந்தனான். மரவள்ளியைத் திண்டு பள்ளிக்கூடம் போனனான். களத்திலை சிந்தின நெல்லை ஒண்டு விடாமல் பொறுக்காட்டி அப்பு வீட்டுக்கு வர விடார். தானியத்தைக் கொண்டுபோய் எருவிலை கொட்டு எண்டு சொன்னா, என்ரை கை போகுதில்லை. அவ்வளவுதான்."

நான் ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். மரவள்ளிக்கு டேனிஷ் தெரியாததால், அரிசி இல்லாத காலத்தில் சாப்பிடும் கிழங்கு என்றேன். "கை போகுதில்லை" என்பதை அப்படியே சொன்னேன். அவர் சொன்னதைக் குறைத்திருந்தால் அன்றைக்கே அவரை அனுப்பியிருப்பார்கள். அவருக்காகக் கெஞ்சவில்லை. அவர் சொன்னதை அவர் சொன்ன அளவுக்குச் சொன்னேன். என்னைக் காட்டிக்குடுத்தவள் என்கிறவர்கள் இந்தப் பகுதியை ஒருநாளும் சொன்னதில்லை.

முதலாளி எழுந்து பீப்பாயைப் பார்க்கப் போனார். அதில் இருந்ததைச் சோதித்தபோது நஞ்சு இருந்தது. சிவம் அண்ணைக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை கொடுத்து, தீனியிலிருந்து எடுத்து இயந்திரப் பக்கம் மாற்றினார்கள். ஓய்வு எடுக்கும் வரைக்கும் அதே பண்ணையில்தான் வேலை செய்தார். அதற்குப் பிறகு அவர் பட்டிப் பக்கமே வரவில்லை, என் வாளிகளைத் தூக்கவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

பட்டியை லொறியில் ஏற்றாமல் தீனியை மாற்றிப் பார்ப்போம் என்று கிர்ஸ்டன் சொன்னார். முதலாளி முணுமுணுத்தபடி ஒத்துக்கொண்டார். நாங்கள் காலையில் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். வீக்கம் மெல்ல இறங்கியது. சிவப்பு வெளிறியது. பழையபடி அவை வெறும் குட்டிகளாகி ஒன்றையொன்று வாலில் கடித்து விளையாடின. அவற்றுக்கு உரிய காலம் வந்தபோது மாப்பிள்ளையை நடத்திக் கொண்டுவந்தோம். முதல் நாள் ஒன்றும் நிற்கவில்லை. இன்னொரு நாள், காதில் கறுப்புப் புள்ளி உள்ள ஒன்றின் முதுகில் கையை ஊன்றினேன். அது அசையவில்லை. முழுப் பாரத்தையும் கொடுத்தேன். காதை விறைத்துக்கொண்டு நின்றது.

"என்ன பார்க்கிறாய்?" என்றார் கிர்ஸ்டன்.

"நிற்கிறது."

எல்லாம் தேறவில்லை. சில பருவத்துக்கே வரவில்லை. அவற்றை லொறிக்கு நான்தான் நடத்திக்கொண்டு போனேன். ஆனால் காரணம் தெரிந்து போனவை அவை.

அதற்குப் பிறகு ஒரு கலியாண வீட்டில், என் பக்கத்துக் கதிரையில் இருந்த ஒரு பெண் எழுந்து, எனக்குக் கேட்க, "பண்டிக்காக ஒரு மனிசனை வித்தவ" என்றார். நான் எழும்பவில்லை. வைத்த பாயாசத்தையும் குடித்து முடித்தேன். பன்றிகளுக்காகவும்தான் சொன்னேன். எனக்காகவும்தான் சொன்னேன். நாளைக்கு அதே மேசையில் இருத்திக் கேட்டாலும் சொல்வேன். என் சம்பளம் வீட்டுக்கு உப்புப் புளி வாங்குகிற மேலதிகக் காசு என்று முடிவு செய்தவர்கள் என்னைக் கேட்டு முடிவு செய்யவில்லை. வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: உங்களுக்குத் தெரிந்த மொழியைத் தெரியாது என்று சொல்லச் சொன்னால் சொல்லாதீர்கள்.

நான் ஓய்வு எடுத்த செய்தி எப்படியோ பரவி, போன மாதம் ஒரு பின்னேரம் தொலைபேசி அடித்தது. சிவம் அண்ணையின் குரல் என்று உடனே தெரிந்தது.

"பிள்ளை, அந்தப் பட்டி... அதுகள் பிறகு குட்டி போட்டதுகளே?"

"போட்டதுகள் அண்ணை. கனக்க."

"நல்லாக் கிடந்ததுகளே, குட்டியள்?"

நான் பதில் சொல்வதற்குள் பின்னால் அவருடைய மனைவியின் குரல் கேட்டது. "ஆரோடையப்பா கதைக்கிறியள்?"

"ஒருத்தருமில்லை. பிழையான நம்பர்" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

அன்று இரவு முழுக்க எனக்குக் கோபம். அடுத்த நாள் காலை நானே அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவருடைய மனைவிதான் ஹலோ சொன்னார்.

"வணக்கம் அக்கா. பிராண்டேயிலிருந்து பத்மா கதைக்கிறன். பண்டிப் பண்ணையிலை அண்ணையோட வேலை செய்தனான். நேற்று எடுத்தது பிழையான நம்பர் இல்லை. அண்ணை குட்டியளைப் பற்றிக் கேட்டவர், பதில் சொல்லி முடிக்கேல்லை. அவரைக் கூப்பிடுங்கோ."

அக்கா அவரைக் கூப்பிடவும் இல்லை, தொலைபேசியை வைக்கவும் இல்லை. நானும் வைக்கவில்லை.